மின்னெழுச்சியும் பொய்க் கொள்கைகளும்

மின்சாரம் நம் நாட்டு இல்லங்களுள் முதற்கண் விருந்தினர்போல் நுழைந்தது. இன்று வீட்டாருள் ஒருவராகவே ஆகிவிட்டது. 1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா மின்னிலையமும், 1937-இல் மேட்டூர் மின்னிலையமும், 1944-இல் பாபநாசம் மின்னிலையமும் தொழிற்படத் தொடங்கிய நாட்களில், ஒரு வீட்டில் மின்சாரத்தை நம்பியிருந்தவை சில விளக்குகளே. செல்வம் மிக்கார் வீட்டில் ஒரு விசிறியும் ஒரு ரேடியோப் பெட்டியும் இருந்திருக்கலாம். இன்றோ, சிறு குடும்பத்தார் வீட்டிலும் டெலிவிஷன் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி, கைப்பேசி, இணையப் பெட்டி ஆகிய யாவும் சுவரிலுள்ள துளைகளையே நம்பி வாழ்கின்றன. பல மாதச் சேமிப்பால் வாங்கிய பொருள், ஒரு மழை நாள் மாலையில், 'டப்' என்னும் ஓர் ஒலியோடு மாண்டுபோவதை நம்மில் அறியாதார் இலர்.

அங்ஙனம் ஒரு கருவி கெட்டபோது நாம் கூறும் காரணங்களும், கெடாதிருக்க நாம் கையாளும் உபாயங்களும் யாவை என்று சற்றே ஆராய்ந்து நோக்கின், அவற்றுட் பெரும்பாலன செவிவழிச் செய்திகளும் ஊகங்களுமேயன்றி அறிவின்பாற் பட்டனவல்ல என்பது விளங்கும். கல்லூரியில் ஓமின் விதியைப் பிழையறப் படித்துத் தேறிய மாணவரும், தம் வீட்டில் மூன்று முட் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு இருமுட் துளையில் நுழைப்பதை நாம் கண்டிருக்கின்றோம். கற்ற கல்வி வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே புகாதது ஏன் என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய வினா. கெடுவது கருவி மட்டுமாயின் இவ்வளவு பேசவேண்டுவதில்லை. கருவியைக் கெடுக்கும் அதே அறியாமை, பலவிடத்தும் உயிரையும் கவர்கின்றது. ஆதலின் இது பொருள் நட்டத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று.

நோய் மூன்று

'வோல்டேஜ் ஏறிவிட்டது' என்னும் ஒரே தொடரால் நம்மவர் குறிப்பவை உண்மையில் வெவ்வேறான மூன்று நிகழ்ச்சிகளாம். அவற்றைப் பிரித்தறியாமையே பிற மயக்கங்களுக்கெல்லாம் தாய் என்பது எம் கருத்து.

முதலாவது, மின்னெழுச்சி. நம் வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. வினாடிக்கு 50 முறை அலைவது. அவ்வலையின் முகடு ஏறத்தாழ 325 வோல்ட். இவ்வலையின்மீது, வினாடியின் பத்திலட்சத்தில் சில பல கூறுகளே நிற்கும் ஒரு பேரலை திடீரென எழுந்து மறைவதையே மின்னெழுச்சி என்கின்றோம். வீட்டுக் கம்பிகளில் இஃது 6,000 வோல்ட் வரை எழக்கூடும் என்று கொண்டே பொறியியலார் தம் சோதனைகளை வகுத்துள்ளனர். அதற்கு மேற்படின் பிளக் துளைகளிலேயே பொறி தாவி, அழுத்தம் தானே தணிந்துவிடும். அண்மையில் விழும் மின்னலும், மின்பாதைகளையும் டிரான்ஸ்பார்மர்களையும் இணைத்தலும் துண்டித்தலும், நம் வீட்டிலேயே உள்ள நீர் இறைக்கும் மோட்டாரும் குளிர்பதனப் பெட்டியும் நின்று இயங்குதலும் இதற்குக் காரணங்களாம். மின்னல் விளைப்பது பெரிது; ஆனால் எப்போதேனும் நிகழ்வது. மோட்டார்கள் விளைப்பது சிறிது. ஆனால் நாள்தோறும் பன்முறை நிகழ்வது.

இழை விளக்கும் விசிறியும் வன்மை மிக்கவை. இவ்வெழுச்சியை ஒரு பொருட்டாக எண்ணா. இக்காலக் கருவிகளின் உள்ளுறுப்பாகிய சில்லுகளோ ஒன்று முதல் ஐந்து வோல்ட் வரையிலான அழுத்தத்தில் இயங்குவன. அவற்றினுள் ஒரு பாதையை மற்றொன்றினின்று பிரிக்கும் காப்புப் படலம், ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறிட்டால் வரும் கனத்தை ஒத்தது. அப்படலத்தை ஊடுருவ ஒரு கணமும் வேண்டுவதில்லை. பாட்டனார் காலத்து ரேடியோ இருபதாண்டு உழைத்ததையும், இன்றைய பெட்டி ஈராண்டில் ஓய்வதையும் ஒப்பிட்டு, 'அக்காலப் பொருளே பொருள்' என்று பெருமூச்செறிவோர், இவ்வேறுபாட்டையும் கருதுதல் வேண்டும்.

இரண்டாவது, நீடித்த மிகையழுத்தம். இது நொடிப்பொழுதில் மறைவதன்று. நிமிடக் கணக்காகவும் நாழிகைக் கணக்காகவும் நிற்பது. ஒரு தெருவிலுள்ள பல வீடுகளில் ஒரே இரவில் டெலிவிஷன் பெட்டிகளும் விளக்குகளும் கெட்டன என்று கேள்வியுறும்போது, பெரும்பாலும் இதுவே காரணம். மக்கள் மின்னலைப் பழிப்பர். மெய்யான காரணமோ பல சமயங்களில் நியூட்ரல் கம்பி அறுந்தமையேயாம். இதனைச் சிறிது விரித்துரைப்போம்.

நம் தெருக்களில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் ஓடுகின்றன. ஒவ்வொரு வீடும் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இணைக்கப்பட்டு 230 வோல்ட் பெறுகின்றது. இரண்டு பேஸ்களுக்கிடையே உள்ள அழுத்தமோ ஏறத்தாழ 400 வோல்ட். நியூட்ரல் கம்பி காற்றாலோ துருவாலோ அறுந்தால், வெவ்வேறு பேஸ்களிலுள்ள வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டனபோல் ஆகி, அந்த 400 வோல்ட்டைத் தம்முட் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு வீட்டில் 1,000 வாட் கருவிகளும் மற்றொரு வீட்டில் 100 வாட் கருவிகளும் இயங்குகின்றன என்று கொள்வோம். கணக்கிட்டுப் பார்ப்பின், முதல் வீட்டிற்கு 36 வோல்ட்டும் இரண்டாம் வீட்டிற்கு 364 வோல்ட்டும் கிடைக்கும். மின்சாரத்தைச் சிக்கனமாய்ச் செலவிடும் எளிய வீடே பேரழுத்தத்திற்கு இரையாகின்றது! 364 வோல்ட்டின் அலை முகடு 515 வோல்ட்டை எட்டும். டெலிவிஷன் பெட்டியினுள்ளும் எல்.ஈ.டி. விளக்கினுள்ளும் உள்ள மின்தேக்கிகள் 400 அல்லது 450 வோல்ட் தாங்கவே செய்யப்பட்டவை. அவை வெடித்தலே நாம் கேட்கும் அந்த 'டப்' என்னும் ஒலி.

மூன்றாவது, குறையழுத்தம். விளக்கு மங்கி எரிதலால் இஃது எளிதிற் புலப்படும். 'அழுத்தம் குறைந்தால் கருவிக்கு என்ன கேடு? மெல்ல ஓடும், அவ்வளவுதானே' என்பாருமுண்டு. அஃது உண்மையன்று. குளிர்பதனப் பெட்டியின் கம்பிரசர் குறைந்த அழுத்தத்தில் சுழலத் தொடங்கவியலாது திணறி, இயல்பினும் மிகுந்த மின்னோட்டத்தை உண்டு, சூடேறிச் சுருள் கருகும். ஆனால் கைப்பேசியின் சார்ஜர், கணினி, இக்கால டெலிவிஷன் பெட்டி முதலியவற்றிற் பெரும்பாலன 100 முதல் 240 வோல்ட் வரை எவ்வழுத்தத்திலும் இயங்குமாறு அமைக்கப்பட்டவை. அவற்றின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டை வாசிப்பார் அதனை அங்கேயே காணலாம். வாசிப்பார்தாம் அரியர்.

மருந்தும் மூன்று

நோய் மூன்றாயின் மருந்தும் மூன்றாதல் இயல்பு. வயிற்று நோய்க்குக் கண் மருந்து இடுவாரை நாம் நகைப்போம். மின்சார விஷயத்தில் நாம் செய்வது பெரிதும் அதுவே.

மின்னெழுச்சிக்குரிய மருந்து சர்ஜ் புரொடெக்டர் என்னும் காப்புறுப்பு. அதன் உள்ளே துத்தநாக ஆக்ஸைடு துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்த ஒரு வில்லை உண்டு. இயல்பான அழுத்தத்தில் அது கதவை மூடிய வாயில்போல் மின்சாரத்தை விடாது நிற்கும். அழுத்தம் மிக்கவுடன், வினாடியின் பத்திலட்சத்தொரு கூற்றினும் விரைவாகக் கதவைத் திறந்து, மிகையான வெள்ளத்தை நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் திருப்பிவிடும். வெள்ளம் வடிந்தபின் தானே மூடிக்கொள்ளும். இவ்வில்லை சாகாவரம் பெற்றதன்று. ஒவ்வோர் எழுச்சியையும் தாங்குந்தோறும் சிறிது சிறிதாகத் தளர்ந்து, ஒருநாள் முற்றும் பயனற்றுப் போகும். வீட்டு மின்பலகையில் ஒன்றும், விலையுயர்ந்த கருவியின் அருகில் மற்றொன்றுமாக அடுக்கி வைப்பதே முறையென்பர் வல்லோர். பெரிய வெள்ளத்தை முதல் மடையும் எஞ்சியதை இரண்டாம் மடையும் திருப்பும்.

நீடித்த மிகையழுத்தத்திற்கு இவ்வில்லை மருந்தாகாது. 275 வோல்ட் அளவிற்கென அமைந்த வில்லை 364 வோல்ட்டின்கீழ் நிமிடக் கணக்காக நிற்க நேரின், தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். இதற்கு வேண்டுவது, அழுத்தம் வரம்பு கடந்தவுடன் வீட்டின் இணைப்பையே துண்டித்து, சீரானபின் மீண்டும் இணைக்கும் கருவி. குறையழுத்தத்திற்கே ஸ்டெபிலைசர் ஏற்றது. மிகையழுத்தத்தில் துண்டிக்கும் உறுப்பையும் உடைய ஸ்டெபிலைசராயின், தன்னோடு இணைந்த கருவியை நியூட்ரல் அறுந்த காலத்தும் ஓரளவு காக்கும். ஆனால் மின்னலின் எழுச்சியைத் தடுக்க அதனால் இயலாது. அதனுள் இருக்கும் ரிலே அசைந்து முடிவதற்குள் எழுச்சி வந்து, கெடுத்து, போய்விட்டிருக்கும்.

பொய்க் கொள்கைகள் சில

இனி, நம்மிடையே வேரூன்றிய கொள்கைகள் சிலவற்றை ஆராய்வோம்.

'சுவிட்சை அணைத்துவிட்டால் போதும்' என்பது ஒன்று. சுவிட்சு பேஸ் கம்பியொன்றையே துண்டிக்கின்றது. நியூட்ரல் கம்பி கருவியோடு இணைந்தே நிற்கின்றது. சுவிட்சினுள் உள்ள இடைவெளியோ சில மில்லிமீட்டரே. மேகத்தினின்று பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்து வரும் மின்னலுக்கு அவ்விடைவெளி ஒரு தடையாகாது. பிளக்கைச் சுவரினின்று முற்றும் பிடுங்கிவிடுவதே காப்பு. அதனையும் மழைக்கு முன் செய்தல் வேண்டும். இடி தலைமேல் முழங்கும்போது பிளக்கைத் தேடிக் கைந்நீட்டுதல் கருவியைக் காக்க உயிரைப் பணயம் வைப்பதாம். டெலிவிஷன் பெட்டியின் கேபிளும், மாடியிலுள்ள டிஷ் கம்பியும், தொலைபேசிக் கம்பியும் மின்னலுக்கு வாயில்களே. முன்வாயிலை அடைத்துப் பின்வாயிலைத் திறந்து வைப்பதிற் பயன் யாது?

'பியூஸ் இருக்கின்றது, எம்.சி.பி. இருக்கின்றது, கருவிக்கு ஆபத்தில்லை' என்பது மற்றொன்று. பியூஸும் எம்.சி.பி.யும் கம்பி சூடேறி வீடு தீப்பற்றாமல் காக்க வந்தவை. மின்னெழுச்சி நிற்கும் காலம் அவை விழித்தெழும் காலத்தினும் மிகச் சிறிது. அவற்றின் கடமை வேறு. அக்கடமையை ஆற்றவும் நாம் விடுகின்றோமில்லை. பியூஸ் அடிக்கடி போகின்றதென்று, கைக்ககப்பட்ட தடித்த செப்புக் கம்பியைப் பன்மடியாக முறுக்கிக் கட்டி, 'இனிப் போகாது' என்று மகிழ்வோர் எத்துணையர்! பியூஸ் போகாது, வீடுதான் போகும். எச்சரிப்பவன் வாயைக் கட்டிவிட்டு எச்சரிக்கை இல்லையென்று மகிழ்வது அறிவுடைமையாகுமா?

'விளக்கெரியும் பலகை காக்கும் பலகை' என்பது மூன்றாவது. கடையிற் பல துளைகளோடு விற்கும் எக்ஸ்டென்ஷன் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தால், அது மின்சாரம் உண்டு என்பதைக் காட்டுமேயன்றிக் காப்பு உண்டு என்பதைக் காட்டாது. அவற்றுட் பலவற்றுள் காப்பு வில்லையே இல்லை. திருவிழாக் கடைகளிலும் தெருவிலும் 'மின்சாரக் கட்டணம் பாதியாகும், கருவிகளும் கெடா' என்று கூவி விற்கப்படும் சிறு பெட்டிகளினுள்ளோ பெரும்பாலும் ஒரு மின்தேக்கியும் ஒரு விளக்குமே உண்டு. வீட்டு மீட்டர் யூனிட் கணக்கையே எண்ணுவதால், அப்பெட்டி அக்கணக்கைக் குறைப்பதுமில்லை; எழுச்சியைத் தடுப்பதுமில்லை. குறைவது வாங்கினவர் பணமே.

'மின்சாரம் ஆளை இழுத்துக்கொள்ளும்' என்பது நான்காவது. மின்சாரத்திற்கு இழுக்கும் கைகள் இல்லை. ஏறத்தாழ 10 மில்லியாம்பியர் அளவு மின்னோட்டம் உடலிற் பாயுமாயின், நம் தசைகளே தம் வயமிழந்து சுருங்கி, பிடித்த கம்பியை விடாமற் பற்றிக்கொள்ளும். இவ்வுண்மையை அறிந்தவர், பற்றிக்கொண்டவரைத் தம் கையால் இழுக்க முயலாது, முதலில் மெயின் சுவிட்சை அணைப்பர். அறியாதார் ஒருவரைக் காக்கப் போய் இருவராய் மடிவர்.

மின்னலைப் பற்றிய கொள்கைகளோ எண்ணிறந்தன. இடி முழங்கும்போது 'அர்ச்சுனா' என்று கூவுவது நம் நாட்டுப் பாட்டிமார் வழக்கம். இதனைக் கேட்டு நகைக்கும் நண்பர்கள், மேனாட்டார் வரலாற்றையும் சற்று நோக்குவாராக. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக, இடி முழங்கும்போது ஆலயமணியை ஓயாது அடித்தால் மின்னல் விலகும் என்று நம்பினர். மின்னலை முறிப்பேன் என்று பொருள்படும் இலத்தீன் மொழியை மணிகளின்மீதே பொறித்தும் வைத்தனர். ஊரில் உயர்ந்தது கோபுரம். கையிற் பிடித்தது நனைந்த கயிறு. 1784-இல் ஜெர்மனி நாட்டு மூனிக் நகரில் வெளிவந்த ஒரு நூலின் கணக்குப்படி, 33 ஆண்டுகளில் 386 ஆலயக் கோபுரங்கள் மின்னலால் தாக்கப்பட்டு, 103 மணியடிப்போர் மாண்டனர். பக்தியில் குறைந்தவரல்லர் அவர். பொருளின் இயல்பை அறியாதவர். கடவுள் வகுத்த இயற்கை விதியை அறிந்து அதன்வழி நடப்பதும் ஒருவகை வழிபாடே என்பதை அவர்தம் மரணம் நமக்குக் கற்பிக்கின்றது.

இக்காலத்தும், கைப்பேசி மின்னலை ஈர்க்கும் என்று அஞ்சி வீட்டினுள் அதனை மூடி வைப்போர் பலர். கம்பியோடு பிணைந்த தொலைபேசியே அப்போது ஆபத்தானது. கம்பியற்ற கைப்பேசி, சார்ஜரில் இணைக்கப்படாதவரை, ஆபத்தன்று. கையில் அதனை மூடி வைத்துவிட்டு மரத்தடியில் ஒதுங்கி நிற்பதே ஆபத்து. மின்னல் கண்டபின் 30 எண்ணுவதற்குள் இடியொலி கேட்குமாயின், அது 10 கிலோமீட்டருக்குள் உள்ளதென்று அறிந்து, உடனே கட்டடத்தினுள் புகுதல் வேண்டும். இந்திய நாட்டில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலால் மடிகின்றனர். அவருட் பெரும்பாலார் வயலிலும் வெளியிலும் உழைக்கும் ஏழையர் என்பதை மறத்தற்கில்லை.

மண்ணிணைப்பின் மாண்பு

மேற்கூறிய யாவற்றினும் நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது, நம்மவர் 'எர்த்து' என்று வழங்கும் மண்ணிணைப்பையே. மூன்று முட் பிளக்கின் பெரிய முள் அணிக்காக வைத்ததன்று. காப்பு வில்லை திருப்பும் வெள்ளத்திற்கு வடிகால் அது. வடிகாலின்றி மடையைத் திறந்தால், வெள்ளம் அடுத்த வீட்டினுள்தான் புகும்.

1753-ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டுச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கியார்க் வில்லெம் ரிக்மன் என்னும் பேராசிரியர், மின்னலின் ஆற்றலை அளக்க விரும்பித் தம் வீட்டுக் கூரைமேல் ஓர் இருப்புக் கம்பியை நாட்டி, அதனை அறையினுள் உள்ள தம் கருவிவரை கொணர்ந்தார். கம்பியை மண்ணோடு இணைக்கவில்லை. புயல் மூண்டது, அவர் கருவியை நோக்கிக் குனிந்தார், மின்னல் கம்பி வழியே வந்து அவர் நெற்றியிற் பாய்ந்து உயிரைக் கவர்ந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் வகுத்த இடிதாங்கியும் உயர்ந்த கம்பியே. ரிக்மன் நாட்டியதும் உயர்ந்த கம்பியே. ஒன்று காத்தது, மற்றொன்று கொன்றது. வேறுபாடு மண்ணிணைப்பு ஒன்றே.

நம் வீடுகளின் நிலை யாது? கட்டடம் எழுப்பும்போது கொத்தனாரும் மின்பணியாளரும் ஒரு குழி தோண்டி, குழாயை நட்டு, கரியும் உப்பும் இட்டு மூடுகின்றனர். குழாய் 2.5 மீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டுமென்பது இந்தியத் தர விதி. எத்தனை அடி தோண்டினர் என்று பார்ப்பார் இலர். பின்னர் அதன்மேல் சிமெண்டுத் தளம் போட்டு, குழி இருந்த இடமே மறைந்துபோகும். கோடையில் மண் உலர்ந்தால் அவ்விணைப்பின் தடை ஏறும். ஒரு வீட்டின் எர்த்துத் தடை 20 ஓம் என்று கொள்வோம். கருவியின் இரும்பு உடலிற் பேஸ் கம்பி பட்டால், 230-ஐ 20-ஆல் வகுக்க வரும் 11.5 ஆம்பியரே மண்ணுக்குள் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதனை அறியவும் அறியாது, துண்டிக்கவும் துண்டிக்காது. 'எர்த்து இருக்கின்றது' என்று நம்பிக் கைவைத்த குழந்தையின் கதி யாதாம்? ஆகவேதான் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டுமென்கின்றோம். எர்த்து கருவிக்கும் வடிகாலுக்கும் உரியது; இதுவோ மனிதவுயிருக்குக் காவல். ஒன்று மற்றொன்றிற்கு மாற்றன்று.

இன்னுமொரு கொடிய வழக்கத்தையும் கூறாமல் விடுதற்கில்லை. நியூட்ரல் அறுந்த நேரத்தில், விளக்கெரிய வேண்டுமென்று எர்த்துக் கம்பியையே நியூட்ரலாகக் கொண்டு இணைப்போர் உளர். விளக்கு எரியும். ஆனால் அவ்வீட்டிலுள்ள கருவிகளின் இரும்பு உடல்களும், எர்த்தைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டுக் கருவிகளும் மின்னூட்டம் பெற்று நிற்கும். ஒருவர் இருளைப் போக்க மற்றவர் உயிரை விளக்காக எரிப்பது போன்றது இது.

'செலவு' என்னும் தடை

'நீவிர் கூறுவன நன்று. ஏழைக் குடும்பத்தார் இத்துணைக் கருவிகளை எங்ஙனம் வாங்குவர்?' என்று வினவுவார்க்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். மழைக்கு முன் பிளக்கைப் பிடுங்கச் செலவில்லை. பியூஸில் அளவறிந்த கம்பியை இடச் செலவு சில ரூபாய். வேனிற்காலத்தில் எர்த்துக் குழிக்கு ஒரு குடம் நீர் ஊற்றச் செலவில்லை. ஆர்.சி.சி.பி.யும் மிகையழுத்தத்தைத் துண்டிக்கும் கருவியும் காப்பு வில்லையும், ஒரு டெலிவிஷன் பெட்டியின் விலையிற் சிறு பங்கேயாம். இக்கால டெலிவிஷன் பெட்டிக்குத் தேவையற்ற ஸ்டெபிலைசரை விற்பவன் சொற்கேட்டு வாங்கும் நாம், வீடு முழுவதையும் காக்கும் கருவிக்குப் பணமில்லை என்பது பொருந்தாது. குறை பணத்தில் அன்று. எதற்கு எது மருந்து என்னும் அறிவில்.

எனினும், பழி முழுவதையும் குடியிருப்போர்மேற் சுமத்துதல் நியாயமன்று. வாடகை வீட்டில் இருப்போர் சுவரைத் தோண்டி எர்த்து இடவியலாது; வீட்டுக்குடையவரே அதனைச் செய்தல் வேண்டும். தெருவில் நியூட்ரல் அறாமற் காப்பது மின்சாரம் வழங்குவோர் கடமை. பழைய கம்பிகளையும் துருவேறிய இணைப்புகளையும் மழைக்காலத்திற்கு முன்பே சோதித்தல், அறுந்தபின் ஓடி வருவதினும் சிறந்தது. 1956-ஆம் ஆண்டின் பெயர்கொண்ட இந்திய மின்சார விதிகள், வீடுகளுக்கு வழங்கும் அழுத்தம் குறித்த அளவினின்று 6 சதவீதத்திற்கு மேற் பிறழலாகாது என்று வகுத்தன. அஃதாவது ஏறத்தாழ 216-க்குக் குறையாமலும் 244-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். அளந்து பார்க்கும் பழக்கமுடைய மக்களே இத்தகைய விதியை நினைவூட்டிக் கேட்கவியலும். 'வோல்டேஜ் சரியில்லை' என்று முணுமுணுப்பவன் சொல்லினும், 'நேற்று மாலை ஏழு மணிக்கு 268 வோல்ட் இருந்தது' என்று எழுதிக் கொடுப்பவன் சொல்லுக்கு மதிப்பு மிகுதி.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

இவ்விடத்தேதான் மாணவர் தொண்டு வேண்டப்படுகின்றது. விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் அண்டை வீடுகள் நான்கிலும் சில காரியங்களை நோக்குவாராக. மூன்று முட் பிளக்கின் பெரிய முள் ஒடிக்கப்படாமல் உள்ளதா? பியூஸில் உள்ளது உரிய கம்பியா, முறுக்கிய செப்பா? எர்த்துக் குழி எங்குள்ளது என்று வீட்டார் அறிவரா? ஆர்.சி.சி.பி. இருப்பின், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியவுடன் அது துண்டிக்கின்றதா? மின்பலகையைத் திறந்து கைவைத்தல் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை; மாணவர் அதனைச் செய்யலாகாது. ஆனால் கண்ணால் நோக்குதற்கும், கண்டதை எழுதுதற்கும், அண்டை வீட்டு அம்மையாருக்கு அவர் அறிந்த மொழியில் எடுத்துரைத்தற்கும் உரிமம் வேண்டுவதில்லை. நம் பௌதிக நூற் கழகத்தார் இக்குறிப்புகளைத் தொகுத்து, ஊர்தோறும் நிலைமை யாது என்று ஆராய்வாராயின், அது பரீட்சைக்காக எழுதும் நூறு விடைகளினும் பயனுடையதாகும்.

அண்டை வீட்டார்க்கு எடுத்துரைக்கும்போது ஏளனம் வேண்டா. 'அர்ச்சுனா' என்று கூவும் பாட்டியும், மணியடித்து மாண்ட ஜெர்மானியனும், எம்.சி.பி.யை நம்பிக் கணினியை இழந்த பட்டதாரியும் ஒரே பாதையில் நின்றவர்களே. அச்சத்தைத் தணிக்க ஏதேனும் ஒன்றைச் செய்தல் மனித இயல்பு. அச்செயல் அச்சத்தை மட்டும் தணித்து ஆபத்தைத் தணியாது விடுமாயின், அதனையே மூடநம்பிக்கை என்கின்றோம். பழைய மூடநம்பிக்கைக்குக் கயிறும் மணியும் கருவிகளாயின; புதியதற்குச் சிவப்பு விளக்கெரியும் பலகை கருவியாகின்றது.

மணலின்மேல் வீடு கட்டியவனும் பாறையின்மேல் வீடு கட்டியவனும் பற்றிய உவமையை நாம் சிறு பருவம் முதலே கேட்டு வருகின்றோம். மழை இரு வீட்டின்மேலும் ஒருங்கே பெய்தது. வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாத அடிப்படையில் இருந்தது. நம் இல்லங்களிலும், சுவரின்மேல் மின்னும் கருவிகளைப் பார்த்துப் பெருமை கொள்ளும் நாம், மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் அந்தக் குழாயைப் பற்றி ஒருமுறையேனும் வினவுவோமாக. வரும் ஐப்பசி மழைக்கு முன் அவ்வினா நம் ஒவ்வொருவர் வீட்டிலும் எழுமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.